கால் உடைந்தது சுகந்திக்கு

தம்பி,

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் நிவேதா, இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சேலை, பூ, மண்டபம் என்று கல்யாணப் பேச்சாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அவள் ரொம்பத் தயங்கினாள். பிறகு, "அத்தை, மழைக்காலத்துல அவருக்குக் கால் வலிக்குமுங்களா? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. நான் எப்படிப் பாத்துக்கோணும்னு நீங்க சொல்லுங்க," என்றாள். எந்தக் கால் என்று கேட்டேன். சின்ன வயதில் உடைந்த கால் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன்னைப் பெற்றவள், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் காலம் தள்ளியவள் நான். உன் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு தழும்பும் எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கு விரல்கூடப் பிசகியதில்லை. "கால் உடைஞ்சது அவனுக்கு இல்ல கண்ணு, அவனோட அக்கா சுகந்திக்கு," என்று சொன்னேன். பிறகு, சரிங்க அத்தை என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில், நீ பெங்களூரில், வீடியோ கேம் செய்கிறவர்கள் கூட்டத்தில் மேடையேறிப் பேசிய வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தாள்.

நீ நன்றாகத்தான் பேசினாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவியில் மாட்டி விளையாடுகிற அந்தப் பெட்டியின் வரலாற்றை எனக்கே புரிகிற மாதிரி சொன்னாய். ஜப்பானில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டி பிறந்ததையும், திரையில் ஒரே நேரத்தில் கொஞ்சம் நிறங்களைத்தான் அதனால் காட்ட முடிந்தது என்பதையும், அந்த நெருக்கடிக்குள் ஒரே படத்தை வெள்ளையாக வைத்து மேகமாகவும், பச்சையாக வைத்துப் புதராகவும் காட்டிச் சமாளித்ததையும் சொன்னாய். அதைப் பார்த்துச் சீனாவில் செய்த நகல்கள் வேறு வேறு பெயரில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்த கதையைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. பிறகு கேசட் போய்ச் சிடி பிளேட் வந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர மெமரி கார்டு வந்ததும், கையில் பிடித்து விளையாடுகிற ரிமோட்டில் ஒயர் இல்லாமல் போனதும், இப்போது பிளேட்டே இல்லாமல் எல்லாம் இன்டர்நெட்டில் இறங்குவதும் ஒன்றுவிடாமல் சொன்னாய். எந்தப் பட்டன் எந்தப் பக்கம் இருந்தது என்பதுவரை சரியாக இருந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி நீ ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பெட்டியை முடித்துவிட்டு நம் வீட்டுக்கு வந்தாய். அங்கிருந்து ஒரு உண்மைகூடச் சொல்லவில்லை.

உன் கதையில், கீழ் கோத்தகிரியில் ஒரு எஸ்டேட். அங்கே கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத மாதிரி ஒரு பையன். கால் உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறான். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். துணைக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி மட்டும். குடித்துவிட்டு வந்த அப்பா ஒருநாள் அதைத் தூக்கி மழையில் எறிகிறார். பையன் மனசுக்குள் சபதம் எடுக்கிறான். இதைச் சொல்லிவிட்டு நீ தலை குனிந்து நின்றாய். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய் அடுப்பங்கரையில் நின்றேன். இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து அனுப்பியிருக்கலாம். நாலு பேர் அறிய நீ சொன்னதை, உன் காதுக்குள் மட்டும் நான் மறுத்தால் அது மறுத்ததாகாது. கோயமுத்தூர்ப் பத்திரிகை ஒன்று உன் பேச்சைத் தமிழில் போட்டிருந்ததே, அதற்குத்தான் இதையும் அனுப்புகிறேன்.

நடந்தது இது. நீ அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய். சுகந்தி ஆறாவது. எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு ரோட்டில் சுற்றிப் போகாமல், தேயிலைக்குள் இறங்குகிற கல்படி வழியாகப் போவீர்கள். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், அட்டை கடிக்கும், நடக்க மாட்டேன் என்று நீ அழிச்சாட்டியம் செய்தாய். அவள் உன் பையையும் தன் பையையும் முன்னால் மாட்டிக்கொண்டு, உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டாள். பாசி பிடித்த படியில் வழுக்கியது. விழுகிறபோதும் உன்னைக் கீழே விடவில்லை. கையை ஊன்றியிருந்தால் அவள் கால் தப்பியிருக்கும். கை இரண்டும் உன்னைப் பிடித்திருந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கத்து வீட்டுக் கட்டில் ஒன்றில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது. நீ பக்கத்தில் நின்று, உன் சட்டையில் சேறாகிவிட்டது என்று அழுதாய். குழந்தைதானே, அதற்கு இன்றைக்கும் உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் வளர்ந்து, படித்து, மீசை வைத்துக்கொண்டு, அந்தக் காலை உன் கால் என்று மேடையில் காட்டினாயே, அதற்குத்தான் கோபம்.

கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, காலைத் தூக்கிக் கட்டியதும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். உங்கப்பா தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம், கோயமுத்தூர் என்று லாரி ஓட்டியவர். ஒரு நடை போய்விட்டு வந்தவர், போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அதில் எதையோ சுற்றிக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு இறங்கினார். வெளியே தூறல். மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்ததுதான் நீ சொன்ன அந்தப் பெட்டி. கடைக்காரரிடம் மாட்டிக் காட்டச் சொல்லி, கழற்றி, தானே ஒரு தடவை மாட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். பின்னால் இருக்கிற ஒயரை டிவியில் ஆன்டெனா இடத்தில் செருகி, சேனலைத் திருகித் திருகி, புள்ளியாக மழை பெய்த திரையில் திடீரென்று நிறம் வந்தபோது சுகந்தி சுவர்ப்பக்கமிருந்து திரும்பினாள். உங்கப்பா வாழ்நாளில் குடித்தவர் இல்லை. லாரி ஓட்டுகிறவன் குடிக்கக் கூடாது என்று, எஸ்டேட்டில் சாவு விழுந்தால்கூட குடிக்கிற கூட்டத்தில் உட்கார மாட்டார். மழையில் நனையாமல் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்த மனிதரை, மழையில் எறிந்தவர் என்று சொல்லியிருக்கிறாய். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வந்து கேட்க மாட்டார் என்கிற தைரியம்.

அந்தப் பெட்டியோடு இரண்டு ரிமோட், வாத்து சுடுகிற ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது பத்துப் பன்னிரண்டுதான், மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவளே சுகந்திதான். குளிருக்கும் ஈரத்துக்கும் கேசட்டின் பித்தளைப் பல்லில் பச்சை பூக்கும். நீ வாயால் ஊதுவாய். ஊதினால் எச்சில் பட்டு இன்னும் கெடும் என்று அவள் என்னிடம் ஸ்பிரிட்டும் பஞ்சும் கேட்டு வாங்கித் துடைப்பாள். ஊதுவதால் பயன் இல்லை, கெடுதல்தான் என்று மேடையில் நீ ஏதோ ஆராய்ந்து அறிந்த மாதிரி சொன்னாயே, அது அவள் சொன்னது. இரண்டு ரிமோட்டில் ஒன்றில்தான் ஆட்டத்தைத் தொடங்குகிற பட்டனும் நிறுத்துகிற பட்டனும் உண்டு. அது உனக்குத்தான் வேண்டும் என்பாய். படுத்திருந்தவள் மற்றதை எடுத்துக்கொள்வாள். எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான், எங்கே குதிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு போவாள். நீ செத்துப்போனால் தன் உயிரில் ஒன்றை உனக்குக் கொடுக்கிற வசதி ஒரு ஆட்டத்தில் இருந்தது. அவள் உயிரெல்லாம் உனக்குத்தான் போனது.

மழைக்காலத்தில் அங்கே கரண்ட் இருந்தால்தான் அதிசயம். அந்தப் பெட்டியில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கிற வசதியும் கிடையாது. கரண்ட் போனால் அத்தனையும் போச்சு, முதலிலிருந்துதான். நீ தரையில் புரண்டு அழுவாய். உன் அழுகையை நிறுத்தத்தான் அவள் புதிதாக ஓர் ஆட்டம் கட்டினாள். கட்டிலை ஜன்னலோரம் தள்ளச் சொன்னாள். வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். உன்னை வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டு, உள்ளே படுத்துக்கொண்டே குரல் கொடுப்பாள். இடது பக்கம், இன்னும் இடது, நில், காட்டெருமை நிக்குது, மூச்சு விடாதே, இப்போ ரெண்டு எட்டு. தேயிலை வரிசைக்குள் போய் அவள் சொன்ன கல்லைத் தொட்டுவிட்டு அவள் குரலைப் பிடித்துக்கொண்டே நீ திரும்பி வர வேண்டும். நான் டூட்டி முடிந்து மேலே ஏறி வரும்போது, உருவம் தெரியாது, உன் சிரிப்பும் அவள் குரலும் மட்டும் பனிக்குள்ளிருந்து கேட்கும். இப்போது நீ செய்து உலகமெல்லாம் விற்கிற ஆட்டம் என்ன தம்பி? பனிமூட்டத்தில் நொண்டி நொண்டி நடக்கிற ஒரு பையன், கண்ணால் பார்க்க முடியாமல் காதால் கேட்டு வழி கண்டுபிடிக்கிறான். இதை எந்தத் தனிமையில் நீ கண்டுபிடித்தாய்?

பெட்டி உடைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப் பிரித்து அவள் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தாள். குஸ்தி ஆட்டம் ஒன்றில், எப்போதும் உனக்கு விட்டுக்கொடுப்பவள் அன்றைக்கு உன்னைத் தோற்கடித்துவிட்டாள். நீ ரிமோட்டை ஒயரோடு பிடித்து இழுத்து எறிந்தாய். ஸ்டூலில் இருந்த பெட்டி சிமென்ட் தரையில் விழுந்து வாய் பிளந்தது. உங்கப்பா வந்து கேட்டபோது, பூனை தள்ளிவிட்டது என்று சொன்னவள் அவள். அவர் நம்பினாரோ இல்லையோ, உடைந்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டார். குன்னூருக்கு எடுத்துப் போனார். சரி செய்ய முடியாது என்றார்கள். துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். அடுத்து, ஊரைவிட்டுப் போன மேனேஜர் வீட்டிலிருந்து பிளேட் போடுகிற பழைய பெட்டி ஒன்று வந்தது. அதற்கு மெமரி கார்டு ஒன்றுதான். காலேஜ் லீவில் வந்து அவள் விளையாடிச் சேமித்து வைத்ததை எல்லாம், இடம் போதவில்லை என்று அழித்துவிட்டு உன்னுடையதை வைத்தாய். அடுத்த லீவில் வந்து பார்த்தவள், பரவாயில்லை என்று சிரித்தாள். அவளை அழித்துவிட்டு அந்த இடத்தில் உன்னை வைப்பது உனக்கு அப்போதே கைப்பழக்கம் ஆகிவிட்டது.

வீடியோவைப் பார்த்த அன்று சாயந்திரம் நீயே கூப்பிட்டாய். நான் கேட்பதற்கு முன்னால், ஏன் நிவேதாவிடம் சொன்னீர்கள் என்று என்னைக் கேட்டாய். அதுதான் உனக்கு முதலில் உறைத்தது. நான் கத்தினேன். நீ பொறுமையாக, பாடம் நடத்துகிற மாதிரி பேசினாய். "கதைக்கு ஒருத்தர் போதுமுங்கம்மா. ரெண்டு பேர் வந்தா ஜனங்க மனசுல நிக்காது. எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. இதுல அக்காளுக்கு என்ன நஷ்டம்? அவளுக்கு இதெல்லாம் பெருசாத் தோணாதுங்க," என்றாய். அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு, அவர்தான் இல்லையே என்றாய். தம்பி, உனக்குத் திறமை இல்லாமல் இருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். கையாலாகாதவன் அடுத்தவர் கதையைச் சொல்லிப் பிழைக்கிறான் என்று விட்டிருப்பேன். அக்கா சொல்லிக்கொடுத்தாள், அப்பா சுமந்துகொண்டு வந்தார், நான் அதிலிருந்து இதைச் செய்தேன் என்று சொல்லியிருந்தால் உன் உயரத்தில் ஒரு அங்குலம் குறைந்திருக்குமா? நாளைக்கு நிவேதா உனக்காக எதை எதையோ விட்டுக்கொடுப்பாள். எந்தப் பெண்டாட்டியும் செய்வதுதான். அதையும் நீயே தனியாகச் செய்ததாகத்தான் மேடையில் சொல்லப்போகிறாயா? அந்தப் பெண்ணிடம் நான் உண்மையைச் சொன்னதற்கு வருத்தப்பட மாட்டேன். அவளுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

அதற்கு நாலு நாள் கழித்து, சமாதானத்துக்காக, புதுப் பெட்டி ஒன்றைச் சுகந்தி பெயருக்குக் கூரியரில் அனுப்பினாய். மாப்பிள்ளை, சுகந்தி வீட்டுக்காரர், பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. இப்போதைய பெட்டியை மாட்டியவுடன் விளையாட விடமாட்டார்களாமே. இன்டர்நெட் கேட்டது, பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, பிறகு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஒரு கோடு நகர ஆரம்பித்தது. கோத்தகிரி சிக்னலில் அந்தக் கோடு ஊர்ந்து முடிவதற்குள் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டு முடித்தோம். அவள் உன் ஆட்டத்தைப் போட்டாள். பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிற டீச்சர், நரை எட்டிப்பார்க்கிற பொம்பளை, காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து விளையாடியதை நான் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் எதையும் மறக்கவில்லை. திரையில் நம் தேயிலைச் சரிவு, நம் கல்படி, நம் பனிமூட்டம். அந்தப் பையன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். அவள் நடப்பது அப்படித்தான். நடையைக்கூட அவளைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறாய். பனிக்குள் ஒரு குருவி கூவியது. அந்தச் சத்தம் வருகிற பக்கம் போனால் வழி கிடைக்கும் என்று புரிந்துகொண்டு அவள் கொஞ்ச தூரம் போனாள். நீ கூட வைத்து அனுப்பியிருந்த இன்னொரு ரிமோட்டை எடுத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை, உன் ஆட்டத்தில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டாள்.

உனக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். நீ பேசிய வீடியோவைத் தான் ஒரு மாதம் முன்பே பார்த்துவிட்டதாகச் சொன்னாள். நான் வருத்தப்படுவேன் என்று என்னிடம் காட்டவில்லையாம். "கோவம் இல்லைன்னு ஆருங்கம்மா சொன்னா? கால எடுத்துக்கிட்டான், போகட்டும்னு இருந்தேன். நான் கத்திக் கத்தி அவன ஊட்டுக்குக் கூட்டியாந்த கொரலு, அதைத் தூக்கிப்போட்டுட்டு ஒரு குருவிய வெச்சிருக்கான் பாருங்க," என்றாள். குரல் உயரவில்லை. பெட்டியின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்து ஒட்டினாள். அது உனக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுதுங்க, ஆனால் நான் அழுதேன் என்று எழுதாதீர்கள், நான் அழவில்லை என்றாள். அழவில்லை தம்பி. ஐப்பசிக் குளிரில் அந்தக் கால் விறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் படியில் கம்பியைப் பிடித்து ஏறுகிறாளே, அப்போதும் அவள் அழுவதில்லை. அதனால்தான் அவளுக்குப் பெரிதாகத் தோன்றாது என்று நீ முடிவு கட்டிவிட்டாய்.

இப்போது கல்யாண விஷயம். நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூடப் பிறந்தவளை மணையில் உட்கார வைத்துச் செய்கிற சீர். எவள் வந்தாலும் இவளுக்கு இந்த வீட்டில் உள்ள இடம் இருக்கிறது என்று ஊர் பார்க்கச் சொல்வதற்கு. சுகந்தி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "கல்யாணத்துக்கு வருவேனுங்க. பந்தி பரிமாறுவேன். இணைச்சீருக்கு உக்கார மாட்டேன். அக்காளே இல்லைன்னு சொன்னவனுக்குப் பக்கத்துல நான் என்னன்னு உக்காருவேன்?" இது உன் காதுக்கு வந்ததும் நீ பதறி ஓடிவந்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். நீ என்ன செய்தாய்? உன் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, அக்காளுக்குக் காலில் வலி, கீழே உட்கார முடியாது, பெரியப்பா மகளை உட்கார வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். அவர் கள்ளமில்லாமல் என்னிடம் வந்து, நம்ம புள்ளதானே, உட்காரட்டும் என்கிறார். இத்தனை நாள் உன்னுடையதாக இருந்த கால்வலி, இணைச்சீர் என்றதும் அவளுக்குத் திரும்பிப் போய்விட்டது. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. பெற்ற வயிறு எரிந்தது.

சொந்தக்காரர்கள் வந்து பேசுகிறார்கள். பொம்பளைப் பிள்ளை விட்டுக்கொடுத்துப் போக வேண்டும், நல்ல காரியம் நின்றுவிடக் கூடாது, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சுகந்தி கேட்பாள் என்கிறார்கள். கேட்பாள். அதனால்தான் சொல்ல மாட்டேன். நீ எந்த மேடையில் நின்று சொன்னாயோ அதே மாதிரி மேடையில், அதே மாதிரி கூட்டத்தின் முன்னால், கால் என் அக்காளுடையது, ஆட்டம் என் அக்காள் கட்டியது, அப்பா குடிக்காதவர், பெட்டியை உடைத்தது நான் என்று சொல். உன் ஆட்டத்தின் முதல் பக்கத்தில் சுகந்தி என்று பெயர் போடு. அதைச் செய்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வா. உனக்குச் சோறு போட்டுவிட்டு, அவள் காலடியில் நானே உன்னைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறேன். அவள் மன்னிப்பாளா என்பது அவள் பாடு. நான் சிபாரிசுக்கு வர மாட்டேன். செய்ய முடியாது என்றால் கல்யாணம் தாராளமாக நடக்கட்டும், மண்டபத்தை நான் மறிக்கப் போவதில்லை. ஆனால் அந்த மணையில் உன் பெரியப்பா மகள் உட்கார்ந்தால், பெண் வீட்டாரைக் கும்பிட்டு வரவேற்க, உங்களை ஆசீர்வதித்து அரிசி போட, உன் அம்மா நிற்க வேண்டிய இடத்துக்கும் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொள்.

சுகந்தியையும் உன்னையும் பெற்ற
அம்மா